மகமையும் வரியும்

சென்னை, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடிவதற்கு முன்பே ஏலம் கூடிவிடுகிறது. வஞ்சிரமும் சங்கராவும் நிறைந்த கூடைகளைச் சுற்றி வியாபாரிகள் நெருக்கி நிற்க, ஏலக்காரரின் குரல் படிப்படியாக ஏற, எந்த அரசாங்கத்தின் ஆணையும் எந்த அதிகாரியின் முத்திரையும் இல்லாமலே ஒரு பொருளுக்கு ஒரு விலை சில விநாடிகளில் பிறந்துவிடுவதைக் காண்கிறவர்கள், சந்தையின் சுதந்திரத்தைப் போற்றி எழுதுகிறவர்களின் பேச்சில் உண்மை உண்டு என்று ஒப்புக்கொள்வார்கள். ஆயினும் அங்கே நின்று பார்த்த நாட்களில் என் மனத்தைப் பெரிதும் ஈர்த்தது ஏலத்துக்குப் பின் நடக்கும் கணக்குத்தான். டீசல், ஐஸ், சாப்பாடு என்று செலவெல்லாம் கழிந்தபின் மிஞ்சும் தொகை, படகுக்காரருக்கும் கடலுக்குப் போய் வந்தவர்களுக்கும் பங்காகப் பிரிகிறது. பங்கைப் பெறுகிறவன் படகுக்காரரைக் கும்பிட்டு நன்றி சொல்வதில்லை. கொடுக்கிறவரும் தாம் தானம் செய்துவிட்டதாக எண்ணுவதில்லை.

நிர்ப்பந்தத்தின் பேரில் செய்யப்படும் தர்மம் தர்மமாகுமா என்ற பழைய கேள்விக்கு இந்தக் கணக்கில் ஒரு விடை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வரியைக் குறைக்க வேண்டும், முதுமைக்கான சேமிப்பை அவரவர் பொறுப்பில் விட வேண்டும், மருந்து எந்தத் தேசத்திலிருந்தும் தடையின்றி வர வேண்டும், பள்ளிக்கூடத்தைப் பெற்றோர் தேர்ந்துகொள்ள வேண்டும் என்று வாதிப்பவர்களை வெறும் சுயநலக்காரர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. அவர்களில் சிந்திக்கிறவர்களின் வாதத்துக்கு அடியில் ஓர் ஆன்மிகக் கவலை இருக்கிறது: சட்டம் ஒருவனிடமிருந்து பறித்து இன்னொருவனுக்குக் கொடுத்தால், கொடுத்தவனுக்குப் புண்ணியமில்லை, பெற்றவனுக்கு நன்றியில்லை, இடையில் நின்ற அதிகாரிக்கு மட்டும் பலம் சேருகிறது.

நம் நாட்டில் இந்தக் கவலையின் உருவமாக விளங்கியவர் ராஜாஜி. 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யத்தை அவர் எதிர்த்தபோது, செல்வம் படைத்தவன் தன்னை அதன் தர்மகர்த்தாவாகக் கருத வேண்டும் என்ற காந்தியடிகளின் கொள்கையையே மாற்று வழியாக முன்வைத்தார். காசிமேட்டிலிருந்து தெற்கே துறைமுக மதிலையொட்டிச் செல்லும் வீதிக்கு இன்று அவர் பெயர். சுங்க இல்லம் நிற்பதும் அதே வீதியில்தான். சுங்கத்தை வெறுப்பது நமக்கு அந்நியச் சரக்கும் அன்று. முதற்குலோத்துங்கனைத் தமிழர்கள் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே ராஜாஜி, 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபின், குறைந்துபோன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரியை விதித்தார். அதை நான் முரண்பாடாகக் கருதவில்லை. கள்ளுக்கடையால் அழியும் குடும்பத்தைக் காக்கும் செலவு ஊருக்கெல்லாம் பொது என்று அந்தப் பெரியவரின் மனச்சாட்சி கண்டிருக்க வேண்டும்.

தானே முன்வந்து கொடுக்கும் வரிக்கு நம்மிடம் ஓர் அழகிய பெயர் உண்டு: மகமை. விருதுநகர் நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பகுதியை மகமையாக ஒதுக்கியும், வீடுதோறும் பிடி அரிசி சேர்த்தும் சத்திரிய வித்தியாசாலையை வளர்த்தார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. தர்மத்துக்கு அரசாங்கம் வேண்டாம் என்பவருக்கு இதைவிடச் சிறந்த சாட்சி கிடைக்காது. ஆனால் அந்தப் பள்ளியில் படித்த சிறுவர்களில் ஒருவர் காமராஜர். முதலமைச்சரான பின் அவர், மகமை கொடுக்க வணிகர் இல்லாத ஊர்களையும், பிடி அரிசி எடுக்கப் பானையில் அரிசியே இல்லாத வீடுகளையும் நினைத்தார். 1956-ல் பள்ளி மதிய உணவுத் திட்டம் ஊர் மக்களின் நன்கொடையோடு தொடங்கியது. அரசாங்கம் அதில் தன் பங்கைச் சேர்த்தது. மகமையின் குணத்தை அவர் கைவிடவில்லை. அது எட்டாத இடத்துக்கு வரியை அனுப்பினார்.

அதற்கு முன், 1953-ல், ராஜாஜியின் ஆட்சி கிராமங்களில் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. தமிழகம் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது. 1954-ல் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடலுக்குப் போகிறவன் மகன் கடலுக்குப் போவது இழிவன்று. வேறு வழி காட்டப்படாமல் போவதுதான் கொடுமை. பிறப்பு என்ற நிர்ப்பந்தத்தை எந்தச் சந்தையும் தானாக அவிழ்த்ததில்லை. பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-ல், பள்ளிச் செலவுக்கான பணத்தைப் பெற்றோர் கையில் கொடுத்துப் பள்ளியைத் தேர்ந்துகொள்ள விடலாம் என்று எழுதினார். தனியார் பள்ளிகளில் நாலில் ஓர் இடத்தை எளியவர்க்கு ஒதுக்கி, அதன் செலவை அரசு ஏற்கும் நம் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வெகு தொலைவில் இல்லை. இதை நான் வரவேற்கிறேன். ஆனால் அங்கேயும் தேர்வு தகப்பனுடையது, பணம் ஊருடையது.

இல்லறத்தான் தேடிய பொருளில் பிதிரர்க்கும் தெய்வத்துக்கும் விருந்தினர்க்கும் சுற்றத்தார்க்கும் பங்குண்டு, கடைசியாகத்தான் அவனுக்கும் ஒரு பங்கு என்பது நம் அற நூல்களின் துணிபு. அவை அதைக் கடன் என்கின்றன. ஈகை உள்ளத்தைச் சார்ந்தது. அதை யாரும் அதட்டி வாங்க முடியாது. கடனோ, மனமுவந்து கொடுத்தாலும் முகம் சுளித்துக் கொடுத்தாலும் கடன்தான். அலைதடுப்புச் சுவரும் விளக்கும் இல்லாமல் எந்தப் படகுக்காரர் தம் மீனைக் கரைசேர்த்தார்? எனவே வரியைத் தானமாக எண்ணி, அதில் புண்ணியம் இல்லையே என்று வருந்துவது, பங்குக் கணக்கில் பக்தியைத் தேடுவது போன்றது.

ஆகவே, சுதந்திரம் என்ற சொல்லை எங்கே பயன்படுத்துகிறோம் என்பதில் எச்சரிக்கை வேண்டும். ஏலத்திலேயே, வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய படகு தன் மீனை அவரிடமே விற்கக் கட்டுப்பட்டிருக்கிறது. மருந்திலும் அப்படித்தான். காப்புரிமை சந்தையின் குழந்தை அன்று. அரசாங்கம் சட்டத்தால் எழுப்பிக் கொடுக்கும் மதில். ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006-ல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். அதற்கு ஆதாரமான சட்டப்பிரிவை எதிர்த்த வழக்கு 2007-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று. உச்ச நீதிமன்றம் 2013-ல் அந்த மறுப்பை முடிவாக உறுதிசெய்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் விலையுள்ள மருந்தை, உள்நாட்டார் பத்தாயிரத்துக்கும் குறைவாகக் கொடுத்துவந்தார்கள். தடையற்ற வாணிகத்தை உண்மையாக நேசிப்பவர் இந்த வழக்கில் நோயாளியின் பக்கமே நிற்க வேண்டும்.

முதுமையைப் பற்றிச் சந்தையின் சுதந்திரத்தைப் போற்றுகிறவர்கள் சொல்வதில் பாதியை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். வலை இழுக்கிறவனுக்கு ஓய்வு பெறும் தேதி கிடையாது. தோள் ஓய்கிற நாள்தான் தேதி. அவன் சேர்த்த பணம் அவன் பெயரில், அவன் உரிமையாக இருக்க வேண்டும். முதுமைக்கானது அன்று என்றாலும், மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம் இதற்கு ஒரு சான்று: அதில் அவன் 1,500 ரூபாய் செலுத்த, மத்திய மாநில அரசுகள் சேர்ந்து 3,000 கொடுக்கின்றன. மீன் குறைந்த மாதங்களில் அந்த 4,500 ரூபாயை வாங்கும்போது அவன் தலைகுனிய வேண்டியதில்லை. அதில் அவன் வியர்வையும் இருக்கிறது.

ஆனால் ஏலம் முடிந்து, பங்கு பிரிந்து, கணக்கு மூடப்பட்டபின் காசிமேட்டில் வேறொன்றையும் கண்டிருக்கிறேன். படகேறும் வயது கடந்த ஒரு கிழவர் கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்றைய கணக்கில் இடமில்லை. கடந்து போன இளைஞன் ஒருவன், ஒரு வார்த்தையும் பேசாமல், தன் வாளியிலிருந்து இரண்டு கை மீனை அள்ளி அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். கிழவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வலையின் நுனியை மீன்மேல் இழுத்து மூடிக் காக்கையிடமிருந்து காத்துக்கொண்டார்.