அடிநாதமும் மேடையும்

'ஒத்து ஊதுகிறான்' என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது வசை. தனக்கென ஒரு கருத்தில்லாமல், பிறர் சொல்வதற்கெல்லாம் தலையசைப்பவன் என்பது அதன் பொருள். இவ்வழக்கு எங்கிருந்து வந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நாகசுர மேளத்தில் ஒத்து என்றொரு கருவி உண்டு. பார்வைக்கு நாகசுரத்தைப் போன்றதே. ஆயினும் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் அதற்கில்லை. அதை ஏந்தியவர் ஓரமாக நின்று, மூச்சு அறாமல், ஒரே சுருதியை மணிக்கணக்கில் நிறுத்திக் கொடுப்பார். ஆலாபனையில் நாகசுரக் கலைஞர் எவ்வளவு உயரச் சென்றாலும், திரும்பி வந்து இறங்குவதற்குரிய தரை அந்த ஒற்றைச் சுரமே. பின்னாளில் சுருதிப்பெட்டி வந்தது. மின்சாரச் சுருதிப்பெட்டியும் வந்தது. பல மேளங்களில் ஒத்துக்காரர் இல்லாமற் போனார். அவருக்காக வருந்தியவர் சிலரே. அவருடைய தொழிற்பெயர் மட்டும் வசைச்சொல்லாக நம் நாவில் தங்கிவிட்டது.

யாரும் கவனித்துக் கேளாத உழைப்புக்கு மதிப்பு உண்டா? உண்டெனில், அவ்வுழைப்பைச் செய்தவர் தாமும் கேட்கப்பட வேண்டுமென்று ஏங்குவது குற்றமா? இவ்விரு வினாக்களையும் இக்காலத்து ஒத்தாகிய பேஸ் கிட்டாரை முன்னிட்டுச் சிந்திக்க விரும்புகிறோம்.

பேஸ் கிட்டார் என்பது நான்கு தடித்த கம்பிகளைக் கொண்ட, தாழ்ந்த குரலுடைய கிட்டார். 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவியே இன்று உலகெங்கும் வழங்கும் வடிவத்துக்கு முன்மாதிரி. அதன் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த ஒலியைச் செவி கேட்பதைவிட நெஞ்சுக்கூடு உணர்வதே மிகுதி. பாடகரின் குரலைப் போல அது முன்னால் வந்து நிற்பதில்லை. தாளத்தையும் சுரத்தையும் அடியிலிருந்து பிணைத்து, மற்றவர்கள் நிற்க இடம் தருகிறது. டெட்ராய்ட் நகரின் மோட்டவுன் இசைத்தட்டுகளில் 1960-களில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் வாசிப்பைக் கோடிக்கணக்கானோர் கேட்டனர். ஆனால் தட்டின் உறையில் அவர் பெயர் சிறப்பித்துக் குறிக்கப்பட்டது 1971-இல், மார்வின் கே வெளியிட்ட தட்டில்தான். நம் நாட்டிலும், 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனக்கென ஓர் இன்னிசையோடு நடைபோடுவதை இசை அறிந்தோர் வியந்து பேசுவர். அப்பாடல்களை முணுமுணுக்கும் நம்முள் எத்தனை பேர், அந்த அடிக்குரலை வாசித்தவர் யார் என்று கேட்டிருக்கிறோம்?

கைத்தறிக்குப் பெயர்பெற்ற குறிஞ்சிப்பாடியில் நாம் நன்கறிந்த அன்பர் ஒருவர் வாழ்கிறார். அருகிலுள்ள நெய்வேலிச் சுரங்கத்தில் நீர் இறைக்கும் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. இரவு பகலாக அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு மேலெழும். ஊருக்குத் தெரிவது மின்விளக்கு; நிலக்கரி வெட்டும் பெரும் இயந்திரங்களையும் விருந்தினர் வந்து பார்த்துச் செல்வர். நீர் இறைப்பவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. அடியில் நின்று தாங்கும் வேலை எத்தகையது என்பதை அந்த அன்பர் பணியிடத்திலேயே கற்றிருந்தார்.

அவர் 1980-களில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். பங்குத் திருவிழா மேடை, திருமண வரவேற்பு, ஞாயிறு திருப்பலியின் பாடற்குழு என்று அவருடைய இளமை கழிந்தது. பின்னர் கீபோர்டு வந்தது. அதன் இடக்கைப் பக்கமே பேஸ் ஒலியைத் தந்தது. அதற்கும் பின்னர், பதிவு செய்த பின்னணி இசைக்குப் பாடும் வழக்கம் வந்தது. எட்டுப் பேர் ஏறிய மேடைக்கு இருவர் போதும் என்றாயிற்று. முதலில் வேண்டாதவராய்ப் போனவர் பேஸ் வாசித்தவரே. அவர் இல்லாததை யாரும் உடனே உணரவில்லை.

இப்பொழுது அவர் வீட்டின் பின்கட்டில் பலாமரத்தைச் செதுக்கி பேஸ் கிட்டார் செய்கிறார். இதுவரை மூன்று செய்து முடித்திருக்கிறார், எதையும் விற்றதில்லை. மாலை வேளைகளில் தனியே வாசிக்கிறார். "கை இன்னும் மறக்கலீங்க. ஆனா கூட வாசிக்க ஆளில்லாம பேஸ் வாசிக்கிறது, எதிர்ல யாரும் இல்லாம பேசிக்கிட்டு இருக்கிற மாதிரி. இந்த வயசுல மேடை ஆசை போகலியே, இது தற்பெருமைதானே? பாவசங்கீர்த்தனத்துல சொல்லணுமோ?" என்று ஒருநாள் நம்மிடம் கேட்டார். வேடிக்கையாகக் கேட்கவில்லை. ஆகவே நாமும் அதற்கு ஊன்றி விடைதேடக் கடமைப்பட்டிருக்கிறோம்.

செய்யும் கையும் வாசிக்கும் கையும்

முதலில் அவருடைய பட்டறையை நோக்குவோம். தொடக்கநூலின் நான்காம் அதிகாரத்தில் இலாமேக்கின் மைந்தர் இருவர் அடுத்தடுத்து வருகின்றனர். யூபால் யாழும் குழலும் இசைப்போரின் தந்தை. அவனுடைய மாற்றாந்தாய் மகனான தூபால்காயின் வெண்கலத்தாலும் இரும்பாலும் கருவிகள் செய்தவன். இசைப்பவனும் கருவி செய்பவனும் ஒரே குடும்பத்தவர் என்பதைத் திருநூல் தன் தொடக்கப் பக்கங்களிலேயே சொல்லிவிடுகிறது. மனிதச் சமுதாயமோ அவர்களுள் ஒருவரை மேடையிலும் மற்றவரைத் திண்ணைக்கு வெளியிலும் நிறுத்தியது.

குறிஞ்சிப்பாடிக்கு அண்மையிலுள்ள பண்ருட்டிப் பகுதி பலாவுக்குப் பெயர்பெற்றது. அங்கு விளைந்த பலாமரமே தஞ்சாவூருக்குச் சென்று வீணையாகிறது. மிருதங்கத்தின் கட்டையும் பலாவே. அம்மிருதங்கத்தைத் தலைமுறை தலைமுறையாகச் செய்தளித்தோருள் பலர் தஞ்சையைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவக் குடும்பத்தினர். பாலக்காடு மணி ஐயரின் கைக்கேற்ற நாதத்தைத் தோலிலும் மரத்திலும் தேடித் தந்தவர் பர்லாந்து. ஃபெர்னாண்டஸ் என்னும் திருமுழுக்குப் பெயரே ஊர் வழக்கில் அவ்வாறு திரிந்தது. இக்குடும்பங்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் ஆங்கில நூலாக வெளியிட்டபோதுதான், நம்மவருள்ளும் பலர் முதன்முறையாக அவர்களை அறிந்தனர். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் கச்சேரிக்கு முன் இரவைப் பசை அப்பித் தாழ்ந்த நாதத்தை வருவிப்பார்கள். அந்த அடிநாதம் அவையை நிறைத்தபோது, அதை உள்ளே வைத்துக் கட்டியவர் அவைக்கு வெளியே இருந்தார்.

கருவி செய்வது ஓர் அறப்பயிற்சி. பேஸ் கிட்டாரின் கம்பி நீளம் பொதுவாக 34 அங்குலம். ஒவ்வொரு மெட்டுக்கும் எஞ்சிய நீளத்தை 17.817-ஆல் வகுத்து இடம் குறிக்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியில், 17 அங்குலத்தில் விழும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் செவி காட்டிக்கொடுத்துவிடும். சாதுரியமான பேச்சால் அதை மறைக்க முடியாது. நான்கு கம்பிகளின் இழுவையும் சேர்ந்தால் எழுபது, எண்பது கிலோ எடைக்கு ஒப்பாகும். அந்த இழுவையில் கருவியின் கழுத்து வளையாதிருக்க, அதனுள்ளே ஓர் எஃகுக் கம்பியைப் புதைத்து மேலே மரம் ஒட்டி மூடுவர். கருவி வாழும் காலமெல்லாம் அது கண்ணுக்குத் தெரியாமல் தாங்கிக்கொண்டே இருக்கும்.

நாசரேத்தில் நம் ஆண்டவர் தச்சராக வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றி நற்செய்தியாளர்கள் ஏறக்குறைய ஒன்றுமே எழுதவில்லை. அக்கைகள் செய்த ஏர், கதவு, நுகம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அதனால் அந்த ஆண்டுகள் மீட்பின் வரலாற்றுக்கு வெளியே போய்விட்டனவா? இல்லை என்பது நம் விசுவாசம். ஆகவே, கேட்கப்படாத உழைப்புக்கு மதிப்பு உண்டா என்னும் முதல் வினாவுக்குக் கிறிஸ்தவரின் விடை தெளிவானது. கொரிந்தியருக்குப் பவுலடியார் எழுதியபடி, வலுவற்றதாய்த் தோன்றும் உறுப்பே உடலுக்குத் தேவையானது.

ஏக்கம் பாவமா?

இரண்டாம் வினா இவ்வளவு எளிதன்று. மறைந்த வாழ்வின் மாண்பைக் காட்டி, "நீர் வீட்டிலேயே வாசித்துக்கொண்டிரும், இறைவன் கேட்கிறார்" என்று அன்பருக்கு ஆறுதல் கூறிவிடலாம். புனித செசிலியாவின் வரலாறும் இதற்குத் துணை நிற்கும். திருமண நாளில் இசைக்கருவிகள் முழங்கிக்கொண்டிருக்க, அவர் தம் உள்ளத்துக்குள் இறைவனுக்குப் பாடிக்கொண்டிருந்தார் என்பது மரபு. எவர் செவியிலும் விழாத பாடலைப் பாடியவரையே திருச்சபை இசைக்கலைஞரின் பாதுகாவலராக்கியிருக்கிறது.

ஆனால் இந்த ஆறுதலில் பாதி உண்மைதான் இருக்கிறது. தாழ்ந்த பேஸ் ஒலியின் ஓர் அலை எட்டு மீட்டருக்கும் மேல் நீளமுடையது. வீட்டின் சிற்றறையில் அது செம்மையாக விரிய இடமில்லை; ஒரு மூலையில் இரைச்சலாய்த் திரளும், நடுவில் நின்றால் காணாமற் போகும். அது ஆலயத்தையும் திறந்த மைதானத்தையும் வேண்டி நிற்கும் ஒலி. அதைவிட முக்கியமானது, அது துணையை வேண்டி நிற்கும் ஒலி. வீணையும் குழலும் தனித்து நின்று நிறைவு தரும். அடிநாதமோ பிறர் பாடலுக்கு அடியாக இருப்பதற்கே பிறந்தது. தாங்குவதற்கு ஒன்றுமில்லாத தூணைப் போல, கூட இசைப்பவரில்லாத பேஸ் தன் பொருளை இழந்து நிற்கிறது.

எனவே மேடை ஏக்கத்தில் இருவகை உண்டு. தன்னைப் பார்க்க வேண்டும் என்னும் ஏக்கம் ஒன்று. பிறரோடு சேர்ந்து ஒன்றைச் செய்ய வேண்டும் என்னும் ஏக்கம் மற்றொன்று. புனித அகுஸ்தினார் தம் அறிக்கை நூலின் பத்தாம் பகுதியில், ஆலயப் பாடலின் பொருளைவிடக் குரலின் இனிமையே தம்மை மிகுதியாய் ஈர்த்த வேளைகளைக் குறித்துத் தம்மையே கடிந்துகொள்கிறார். ஆயினும் ஆலயத்தில் பாடல் வேண்டும் என்றே முடிக்கிறார். அவருடைய ஆய்வு முறையை நாமும் பின்பற்றலாம். கைதட்டல் கிடைக்காத மேடையிலும் வாசிக்க விரும்புவோமா? நம்மைவிடச் சிறந்தவர் வந்தால் இடம் கொடுப்போமா? இவற்றுக்கு ஆம் என்று உள்ளம் சொன்னால், அந்த ஏக்கத்தைத் தற்பெருமை என்று பழிப்பது அநீதி. பாபிலோனின் ஆற்றங்கரையில் யாழ்களை மரக்கிளைகளில் மாட்டிவிட்டு அழுத இஸ்ரயேலரை எவரும் மேடை ஆசை பிடித்தவர்கள் என்று சொல்வதில்லை. அவர்கள் இழந்தது தாம் சேர்ந்து பாடிய சீயோனை.

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு காரணமாக ஆலயங்கள் மூடியிருந்த நாள்களில் இதை நாமெல்லாரும் உணர்ந்தோம். கைப்பேசித் திரையில் திருப்பலி கண்டோம். அதே இறைவனை, அதே இறைவார்த்தையைக் கேட்டோம். எனினும் பக்கத்தில் நின்று சுருதி தப்பிப் பாடும் அண்டை வீட்டாரின் குரலுக்காக ஏங்கினோம். அந்த ஏக்கத்தை யாரும் பாவமென்று அறிக்கையிடவில்லை.

நம் கடன்

இதுவரை அன்பரின் மனச்சான்றை ஆராய்ந்தோம். நம் மனச்சான்றையும் ஆராய வேண்டும். ஏனெனில் அவரை வெளியே விட்டவர்கள் நாம்.

திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22-இல், புனித செசிலியாவின் திருநாளில், ஆலயத்தில் பியானோவையும் முரசு போன்ற பேரொலிக் கருவிகளையும் விலக்கினார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், ஆர்கனைப் போற்றியதோடு, திருவழிபாட்டுக்குத் தகுதியான பிற கருவிகளுக்கும் இடமளித்தது. இவ்விரண்டுக்கும் நடுவில், 1958 செப்டம்பர் 3-இல் உரோமையிலிருந்து வெளிவந்த திருஇசை பற்றிய அறிவுரை ஒன்றை நாம் மறந்துவிட்டோம். தானே இயங்கும் ஆர்கன், இசைத்தட்டு, வானொலி, ஒலிப்பதிவுக் கருவி ஆகியவற்றைத் திருவழிபாட்டுச் செயல்களில் பயன்படுத்துவதை அது முற்றிலும் தடைசெய்தது. இயந்திரத்தின் மேல் வெறுப்பு இதற்குக் காரணமாக இருக்க முடியாது. அதே அறிவுரை ஒலிபெருக்கியை வரம்புக்குட்பட்டு ஏற்கிறது. வழிபாடு என்பது உயிருள்ள ஒருவர் இங்கே இப்போது கொடுக்கும் காணிக்கை என்னும் உணர்வே அதன் அடிப்படை என்று நாம் கொள்கிறோம். பதிவுக்கு மூச்சு வாங்குவதில்லை. அதனால் எதையும் காணிக்கையாகக் கொடுக்கவும் இயலாது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதில் நியாயமும் உண்டு. சிற்றூர்ப் பங்குகளில் வாசிப்போர் இல்லை, பணமும் இல்லை. கீபோர்டு வாசிக்கும் ஓர் இளைஞர் ஒருவராகவே ஞாயிறுதோறும் சுமையைத் தாங்குகிறார். அவரைக் குறைகூற நாம் இதை எழுதவில்லை. நம் கேள்வி, வாசிக்கத் தெரிந்தவர் இரண்டு தெரு தள்ளி இருக்கையில் நாம் அவரைத் தேடினோமா என்பதே.

நம் செவி ஒரு விந்தை செய்கிறது. கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கி மிகத் தாழ்ந்த ஒலிகளை எழுப்புவதேயில்லை. ஆயினும் மேலே ஒலிக்கும் கிளைச்சுரங்களைக் கொண்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. நாமும் பேஸ் கேட்டதாகவே நம்பிவிடுகிறோம். பங்கு வாழ்விலும் இப்படியே நடக்கிறது. ஒருவர் வராமற் போகிறார். விழா குறைவின்றி நடந்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பாடற்குழுவிலிருந்து போனவர், பீடம் துடைத்த மூதாட்டி, மணியடித்த முதியவர் என எத்தனையோ பேருடைய இடத்தை நம் பழக்கமே நிரப்பிவிட்டது.

குறிஞ்சிப்பாடி அன்பருக்கு நாம் சொன்ன விடை இதுதான்: "அறிக்கையிட வேண்டியது ஏதும் இதில் இல்லை. புகழாசை கலந்திருந்தால் அதைக் களையுங்கள். ஏக்கத்தைக் களைய வேண்டாம்." பங்குகளுக்கு நாம் சொல்ல விரும்புவதும் அரியதொன்றன்று. நவம்பர் 22 ஆண்டுதோறும் வருகிறது. அன்றேனும் பதிவிசையை ஒதுக்கிவிட்டு, ஊரில் கருவியை உறையிட்டு வைத்திருப்போரை வீடு தேடிச்சென்று அழைப்போம். வந்தவருக்குத் தகுந்த சன்மானமும், கற்றுக்கொள்ளும் சிறுவர் இருவரையும் தருவோம். கருவி செய்யத் தெரிந்தவரைப் பீடத்தருகே அழைத்து, அவர் கைவேலையையும் அந்நாளின் காணிக்கைகளோடு சேர்த்து ஆசீர்வதிக்கச் செய்வோம். அவர் வாசிக்கும்போது பாடகரின் குரலே நம் செவிக்கு முன்னால் நிற்கும், அது இயல்பே. திருப்பலி முடிந்தபின் அவரிடம் சென்று பெயரைக் கேட்டறிவது நம் பொறுப்பு.