வெந்த கையும் கத்ரும்



சென்ற ஜும்ஆவுக்குப் பின் ஒரு வாலிபர் கையில் கட்டுடன் வந்தார். "ஹஜ்ரத், இந்தக் கட்டோடு உளூ எப்படிச் செய்வது?" என்று கேட்டார். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் காஸ்டிக் சோடா கரைக்கும்போது தெறித்துவிட்டதாம். கையுறை கேட்டதற்கு, "இத்தனை நாள் இப்படித்தானே செய்தோம், ஊற்று" என்றாராம் மேஸ்திரி. கை வெந்த பிறகு, "எல்லாம் கத்ர்" என்றாராம் முதலாளி.

தண்ணீர் புண்ணுக்குக் கெடுதி என்றால் அந்த இடத்தைக் கழுவும் கடமை இல்லை, கட்டின் மீது மஸ்ஹு செய்யலாம் என்று விளக்கி அனுப்பினேன். ஆனால் முதலாளி சொன்ன 'கத்ர்' என் மனதை விட்டுப் போகவில்லை.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஒரு சம்பவம் வருகிறது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம், குளிப்பும் கடமையானது. தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று கேட்டார். தண்ணீர் இருக்கும்போது இல்லை என்றார்கள் உடனிருந்தவர்கள். குளித்தார், மவ்த்தாகிவிட்டார். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைக் கத்ர் என்று விட்டுவிடவில்லை. அவருடைய சாவுக்கு அப்படிச் சொன்னவர்களையே பொறுப்பாக்கிக் கண்டித்தார்கள்.

அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அறியாமல் சொன்ன வார்த்தைக்கே அந்தக் கண்டிப்பு என்றால், ஆபத்தை அறிந்தே "ஊற்று" என்பவரின் நிலை என்ன?

கத்ரை நம்புவது ஈமான். அது காயம்பட்டவருக்கு ஆறுதல். காரணமானவருக்குத் தப்பிக்கும் வழி அல்ல.

காஸ்டிக் பட்டால் சோப்புப் போல வழுக்கும். முதலில் வலி தெரியாமலும் இருக்கலாம்; அதற்குள் உள்ளே அரித்துக்கொண்டே போகும். உடனே நனைந்த துணியைக் கழற்றி, குறைந்தது 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எலுமிச்சை, மஞ்சள், பேஸ்ட் எதையும் பூசாதீர்கள்.

சாயப்பட்டறை, முலாம் பட்டறை நடத்தும் சகோதரர்களே! கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்க்குழாய் இவையெல்லாம் சதகா அல்ல; தொழிலாளியின் ஹக்கு. ஈ.எஸ்.ஐ.யில் பதிந்தவர் வேலையில் காயம்பட்டு ஓய்விலிருந்தால் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். பெயரைப் பதியாமல் மறைத்தால் அந்த ஹக்கையும் பறிக்கிறோம்.

தன் வணக்கத்துக்கான கழுவுதலையே ஒரு புண்ணுக்காக அல்லாஹ் தளர்த்தியிருக்கிறான். நம் ஆர்டரின் கெடு அதைவிடப் பெரியதா?

பிறர் உடலை அமானிதமாகப் பேணும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.