கடவுளை மறுத்தோர் நடுவே ஒரு பிளவு



கடவுள் இல்லை என்று சொல்பவர்கள் எல்லோரும் ஒரே கூட்டம் என்று நாம் எண்ணிவிடுவதுண்டு. நாஸ்திகர் என்ற ஒரே சொல்லால் அவர்களைச் சேர்த்துக் கட்டி ஒரு மூலையில் வைத்துவிடுகிறோம். ஆனால் கடந்த பதினைந்து ஆண்டுகளாக மேற்கு நாடுகளின் நாஸ்திக இயக்கத்தினர் தமக்குள் பிளவுபட்டு நிற்கிறார்கள். கடவுள் உண்டா இல்லையா என்பதில் அவர்களுக்குள் தகராறு இல்லை. பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் சமூகத்தின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டவர்களுக்கும் தமது இயக்கம் ஏதேனும் கடமைப்பட்டுள்ளதா என்பதே அவர்களைப் பிரித்த கேள்வி.

தொடக்கம் மிகச் சிறியது. 2011ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் உலக நாஸ்திகர் மாநாடு ஒன்று கூடியது. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த றெபேக்கா வாட்சன் என்ற பெண்மணி, இயக்கத்துக்குள் பெண்கள் படும் சங்கடங்களைப் பற்றி அங்கு பேசினார். அன்றிரவு, விடியற்காலை நான்கு மணியளவில், தனக்குக் களைப்பாக இருக்கிறது என்று கூறி அவர் தமது அறைக்குப் புறப்பட்டார். மாநாட்டுக்கு வந்த ஓர் ஆண் மின்தூக்கிக்குள் அவரைப் பின்தொடர்ந்து, தன் அறைக்குக் கோப்பி அருந்த வரும்படி அழைத்தான். வாட்சன் பின்னர் அச்சம்பவத்தைச் சொல்லி, ஆண்கள் இப்படிச் செய்யாதிருப்பது நல்லது என்றார். அவர் எவர் மீதும் வழக்குத் தொடரவில்லை. எவரையும் பெயர் சொல்லித் தூற்றவுமில்லை.

இதற்குக் கிடைத்த மறுமொழி என்ன? வசைகளும், பாலியல் வன்முறை மிரட்டல்களும், கொலை மிரட்டல்களும் மலைபோலக் குவிந்தன. இயக்கத்தின் மூத்தவரான றிச்சர்ட் டோக்கின்ஸ், முஸ்லிம் பெண் ஒருத்திக்குக் கடிதம் எழுதுவதுபோல எழுதி, அவள் படும் துன்பத்தோடு ஒப்பிட்டால் அமெரிக்கப் பெண்ணின் முறைப்பாடு எம்மாத்திரம் என்று கேலி செய்தார். 2014இல் அதற்கு அவர் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் பிளவு அதற்குள் ஆழமாகிவிட்டது. 2012 ஆகஸ்ட் மாதத்தில் ஜென் மக்றைற் என்ற இளம்பெண் ஒரு யோசனையை முன்வைத்தார். வெறும் இறைமறுப்பு போதாது. அதனோடு ஒரு கூட்டல் குறி வேண்டும். பெண்ணுரிமையும் இனவெறி எதிர்ப்பும் சமூகநீதியும் அக்குறிக்குப் பின்னால் வரவேண்டும் என்றார். சில வாரங்களுக்குள்ளேயே, வசைமழை தாங்காது எழுத்திலிருந்து அவர் ஒதுங்கிக்கொண்டார்.

எதிர்த்தவர்கள் சொன்ன நியாயத்தையும் நாம் கேட்கவேண்டும். நாஸ்திகம் என்பது ஒரு நம்பிக்கை இல்லாமை, அவ்வளவுதான் என்றனர். முத்திரை சேகரிக்காதவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கட்சி அமைக்க முடியுமா? இவர்கள் செய்வது புதிய மதம் ஒன்றை உண்டாக்கி, புதிய கட்டளைகளும் புதிய விலக்கல்களும் விதிப்பதுதான் என்று குற்றஞ்சாட்டினர். இக்குற்றச்சாட்டில் உண்மை சிறிதும் இல்லை என்று சொல்வதற்கில்லை. கூட்டல் குறியின் ஆதரவாளர் சிலர், எம்மோடு சேராதவன் எமக்குப் பகைவன் என்ற தொனியிலேயே பேசினர்.

சண்டை அத்தோடு ஓயவில்லை. அமெரிக்க மனிதநேயர் சங்கம் 1996இல் டோக்கின்சுக்கு அளித்த விருதை, திருநர் பற்றிய அவரது கூற்றுக்களுக்காக 2021இல் மீளப் பெற்றுக்கொண்டது. 2024ஆம் ஆண்டின் இறுதியில், மதத்திலிருந்து விடுதலை கோரும் ஓர் அமெரிக்க அமைப்பு, அதே பொருள் பற்றி உயிரியலாளர் ஜெரி கொய்ன் எழுதிய கட்டுரையை முதலில் வெளியிட்டுப் பின்னர் அகற்றியது. கொய்ன், உளவியலாளர் ஸ்ரீவன் பிங்கர், டோக்கின்ஸ் மூவரும் அதன் கௌரவ சபையிலிருந்து விலகினர். அமைப்பு அந்தச் சபையையே கலைத்துவிட்டது. வெளியிட்ட ஒரு கட்டுரையை மறுப்பெழுதி எதிர்கொள்ளாமல் மறைத்துவிடுவது, பகுத்தறிவின் பெயரால் நடக்கும் ஓர் இயக்கத்துக்கு அழகல்ல என்பது என் எண்ணம்.

இது இன்று நேற்றுத் தோன்றிய தகராறு என்றும் எண்ணிவிடாதீர்கள். 1866இல் சார்ள்ஸ் பிறட்லா இங்கிலாந்தில் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை நிறுவினார். 1877இல் அவரும் அன்னி பெசன்ற் அம்மையாரும் குடும்பக் கட்டுப்பாடு பற்றிய சிறு நூலொன்றை மீள வெளியிட்டு நீதிமன்றத்தில் நின்றார்கள். அந்நூலின் பொருள் எமது திருச்சபையின் போதனைக்கு ஒவ்வாதது. இங்கு நாம் பேசுவது அதைப் பற்றியன்று. வறிய தாய்மாரின் நிலைக்காக இயக்கம் தன் பெயரைப் பணயம் வைக்கலாமா என்று கேட்டு, ஜோர்ஜ் ஹோலியோக் முதலியோர் விலகி வேறொரு சங்கம் அமைத்தனர் என்பதே கவனிக்கத்தக்கது. பின்னர் பெசன்ற் அம்மையார் சோசலிசத்தின் பக்கம் சாய்ந்தார். பிறட்லாவோ அதைக் கடுமையாக எதிர்த்தவர். 1888இல் கிழக்கு இலண்டனின் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்காக எழுதியவரும் உடன் நின்றவரும் பெசன்ற் அம்மையாரே.

அடுத்த ஆண்டில், அதே கிழக்கு இலண்டனில், துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டுப் போராடினார்கள். அவர்களுக்கும் முதலாளிமாருக்கும் இடையே நின்று இணக்கம் கண்டவர் எண்பத்தொரு வயதான கர்தினால் மானிங் ஆண்டகை. பிறட்லா பாராளுமன்றத்துக்குத் தெரிவானபோது, நாஸ்திகருக்கு அங்கே இடமில்லை என்று முழங்கியவரும் இதே கர்தினால்தான்! தீப்பெட்டிப் பெண்களின் பக்கம் ஒரு நாஸ்திகப் பெண்மணி. துறைமுகத் தொழிலாளரின் பக்கம் ஒரு கர்தினால். பிறட்லாவோ பெசன்ற் அம்மையாரோடு ஒரே மறுப்பைப் பகிர்ந்துகொண்டும் சோசலிசத்தில் அவரோடு சேரவில்லை.

எமது தமிழுலகிலும் இந்த இருவகையினரைக் காணலாம். ஆபிரகாம் கோவூர் தாவரவியல் ஆசிரியர். அற்புத சக்தியை நிரூபித்துக் காட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அறைகூவல் விடுத்தவர். அவருடைய முதன்மைக் கேள்வி, இது மெய்யா பொய்யா என்பது. 1925இல் சுயமரியாதை இயக்கத்தைத் தொடங்கிய பெரியார் ஈ. வெ. இராமசாமியின் முதற்கேள்வி வேறு: இந்த மனிதனை ஏன் தீண்டத்தகாதவன் என்கிறீர்கள் என்பது. சாதியை எதிர்த்துச் சென்ற வழியிலேதான் அவர் கடவுளையும் மறுத்தார்.

அப்படியானால் உண்மையான கேள்வி என்ன? கடவுள் இல்லை என்ற ஒரு கூற்றிலிருந்து, அயலவனை மதிக்கவேண்டும் என்ற கட்டளையைத் தருக்கத்தால் பெறமுடியாது. கூட்டல் குறியை எதிர்த்தவர்கள் இவ்விடத்தில் சரியாகவே பேசினார்கள். ஆனால் ஒரு மனிதன் கூற்றாக வாழ்வதில்லை. அவன் ஒரு கூட்டத்துக்குள் இருக்கிறான். அங்கே வந்தவர்களை உட்காரச் செய்கிறான், அல்லது எழுந்து போகச் செய்கிறான். மாநாடு கூட்டியவர்கள், எமக்குக் கடமை இல்லை என்று சொல்லி, மாநாட்டுக்கு வந்த பெண்ணின் முறைப்பாட்டைத் தட்டிக்கழிக்க முடியுமா?

இவ்விடத்தில், கடவுளை விட்டவர்கள் தமக்குள் அடிபடுகிறார்கள் பாருங்கள் என்று மகிழ எமக்கு ஆசை வரும். அதற்கு நாம் தகுதியற்றவர்கள். கடவுள் உண்டு என்று அறிந்தாற்போல நீதி தானாக வந்துவிடும் என்றால், யாக்கோபு செயலற்ற விசுவாசத்தைக் கண்டித்து மடல் எழுதியிருக்க வேண்டியதில்லை. பெயர் கெட்டுவிடும் என்பதற்காக முறைப்பாட்டை அடக்குகின்ற பழக்கமும் நாஸ்திகரோடு மட்டும் நிற்பதன்று. குருக்கள் சிலரால் சிறுவர்களுக்கு நேர்ந்த கொடுமைகளில் திருச்சபை உரிய காலத்தில் செயற்படத் தவறியதை, 2018 ஆகஸ்டில் பாப்பரசர் பிரான்சிஸ் இறைமக்களுக்கு எழுதிய மடலில் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். இறைமறுப்புத் தோன்றுவதில் விசுவாசிகளுக்கும் பங்கு இருக்கக்கூடும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லிவைத்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2011இல் அமெரிக்காவின் அற்லாண்டா நகரில் மண்டிசா தோமஸ் என்ற பெண்மணி கறுப்பின இறைமறுப்பாளருக்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்குக் கோயில் என்பது செபிக்கும் இடம் மட்டுமன்று. சாவு வீட்டில் சோறு வருவதும், குடியியல் உரிமைக்கு ஊர்வலம் புறப்பட்டதும் அங்கிருந்துதான். அதை விட்டு வருபவன் உறவையும் விட்டு வருகிறான். வெள்ளையர் நிறைந்த நாஸ்திகர் கூட்டங்களில் அவனுடைய கவலைகள் பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

வாசகர்களே, வெளிநாட்டில் வாழும் உங்கள் மகனோ மகளோ ஒருநாள் தொலைபேசியில், நான் இனிப் பூசைக்குப் போவதில்லை என்று சொல்லக்கூடும். உடனே கடவுள் இருப்பதற்கான நிரூபணங்களை அடுக்காதீர்கள். பிள்ளை கோவூரின் கேள்வியோடு நிற்கிறதா, அல்லது யாரோ ஒருவருக்குக் கோயிலில் நேர்ந்த அவமதிப்பைக் கண்டு வெளியேறியதா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவதுதான் காரணமென்றால், அதற்குப் பங்குத் தந்தையிடமோ புத்தகத்திலோ மறுமொழி தேடுமுன், அந்த அவமதிப்பு நடந்தபோது நாம் எங்கே இருந்தோம் என்றும் பிள்ளை கேட்கக்கூடும்.