மறுநாள் பிடிக்கும் தொடை

தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறவர்தான். ஆனாலும் 65 வயதில் பேரனோடு ஷட்டில் ஆடப் போனால், மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கும்போது தொடை பிடித்துக்கொள்கிறது. ‘இவ்வளவு நடந்தும் உடம்பு தேறலையே’ என்று நொந்துகொள்ள வேண்டாம். நடையால் வந்த பலம் எங்கும் போய்விடவில்லை. வலையருகே விழும் பந்துக்காகக் காலை எட்டி வைத்துச் சடாரென்று நிற்பது தொடைக்குப் புதிது, அவ்வளவுதான்.

அப்படி நிற்கையில் தொடைத் தசை நீண்டபடியே பாரம் தாங்குகிறது; அப்போது அதன் நுண்ணிய இழைகள் சற்றுச் சிதைகின்றன. படி இறங்கும்போதும் இப்படித்தான். திருச்சி மலைக்கோட்டையில் ஏறும்போது மூச்சு வாங்கும். மறுநாள் காலை வலிக்க வைப்பதோ பெரும்பாலும் இறங்கிய படிகள்தான். லாக்டிக் அமிலம் தேங்கியதால்தான் இந்த வலி என்று ஜிம்மில் இன்னமும் சொல்கிறார்கள். ஆனால் அந்த அமிலம் ஓரிரு மணி நேரத்தில் நீங்கிவிடும். இந்த வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தணியும். சில நாள் கழித்து அதே ஆட்டத்தை ஆடினால் வலி வெகுவாகக் குறைந்திருக்கும். முதல் நாள் பாதி ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். (பேரன் விடமாட்டான், அது வேறு கதை.) மூட்டு வீங்கினாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ அது இந்த வலியோடு சேர்ந்ததல்ல, உடனே டாக்டரைப் பாருங்கள்.