கள்ளுக்கொட்டிலும் அறநோக்கும்: தீவகத்தை முன்வைத்து ஒரு சிந்தனை

பெருநகரங்களின் நடுவே, பளபளப்பான கடைகளுக்கிடையில் ஒதுங்கிக் கிடக்கும் மலிவான பழைய மதுச்சாலைகளைத் தேடிச் செல்வது மேலைநாட்டார் பலருக்கு நெடுங்காலமாக உள்ள விருப்பமாகும். ஆங்கில எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல் 1946ஆம் ஆண்டில் இலண்டன் மாலைப் பத்திரிகையொன்றில் எழுதிய சிறு கட்டுரையில், தமக்கு உவப்பான மதுச்சாலையொன்றை வருணிக்கிறார். புகையிலைப் புகை படிந்து மஞ்சளித்த உட்கூரை, பழைய மரவேலை, நாள்தோறும் அதே இருக்கையில் வந்தமரும் மனிதர் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கூறி, ஈற்றிலே அத்தகைய மதுச்சாலை எங்கும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். இல்லாத ஒன்றை இத்துணை அன்போடு வருணிக்க முடிகிறது என்பது சிந்தனைக்குரியது. தேடுவோர் தேடுவது இடத்தையா, அன்றி அந்த இடத்தில் தாம் இருப்பதாகக் காணும் தம் உருவத்தையா என்னும் ஐயம் அங்கேயே எழுகின்றது.

இவ்விருப்பத்துக்கு நம்மிடையே ஈடாகக் கூறத்தக்கது கள்ளுக்கொட்டிலைத் தேடும் விருப்பம். யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம். 1990, 1991 ஆம் ஆண்டுகளின் போர்ச்சூழலில் வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை முதலிய ஊர்களிலிருந்து பெருந்தொகையானோர் இடம்பெயர்ந்தனர். அவர்களுட் பலர் இன்று பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் வாழ்கின்றனர். நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கோ பள்ளி விடுமுறைக்கோ பிள்ளைகளுடன் ஊர் திரும்பும்போது, இடிந்த வீட்டையும் தூர்ந்த கிணற்றையும் பார்த்தபின் அவர்கள் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, பழைய கொட்டில் இன்னும் இருக்கிறதா என்பது. ஓலைக்கூரை, மணல் தரை, பனங்குற்றியாலான இருக்கை, பன்னாடையால் வடித்து முட்டியிலிருந்து பிளாவில் வார்க்கும் கள், கூட வைத்துண்ணப் பொரித்த மீன். இவை அப்படியே இருக்கவேண்டும் என்பது அவர்களுடைய அவா. குறிகட்டுவானிலிருந்து படகேறி ஒரு மணி நேரக் கடல்வழியில் நெடுந்தீவுக்குச் செல்லும் உல்லாசப் பயணிகளும், முருகைக்கல் மதில்களையும் குதிரைகளையும் பார்த்த கையோடு, இதனையும் பார்க்கவேண்டிய பொருள்களின் வரிசையிற் சேர்த்துக்கொள்கின்றனர்.

இங்கு எழும் வினா இதுவாகும்: ஒருவர் வறுமையின் அடையாளமாகத் தாங்கி நிற்கும் ஓர் இடத்தை, மற்றொருவர் அழகென்று கண்டு சுவைப்பது அறத்துக்கு ஏற்புடையதா?

தீங்கொன்றும் இல்லை என்று வாதிடுவோரின் கூற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வருபவர் பணம் கொடுத்தே அருந்துகிறார். அவர் தேடுவது வெளிநாட்டுப் போத்தலை அன்று. தம் மண்ணின் மரம் தருவதை. கள் இயற்கையாய்ப் புளிப்பது. சாராயத்தோடு ஒப்பிடுமிடத்து வெறி குறைந்தது. குளிரூட்டிய அறையில் பெயர் தெரியாதார் நடுவே குடிப்பதிலும், ஊராரோடு நிலத்தில் அமர்ந்து பேசியபடி அருந்துவதில் மனிதத் தொடர்பு மிகுதி. பழந்தமிழ்ப் புலமை மரபும் இதற்குச் சான்று கூறும். அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியதாகப் புறநானூற்றிலுள்ள கையறுநிலைப் பாடலில், கள்ளைப் பகிர்ந்தளித்த பண்பே அவனது பெருமைகளுள் முதலாவதாக நினைவுகூரப்படுகின்றது. வள்ளுவரோ கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். இவ்விரு நோக்குக்குமிடையே தமிழர் ஒழுக்கவியல் நெடுங்காலம் ஊசலாடி வந்துள்ளது. ஆயின் இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. குடிப்பவனின் நன்மை தீமையை இரண்டும் பேசுகின்றன. மரத்தில் ஏறுபவனை இரண்டும் பேசவில்லை.

கொட்டிலின் தோற்றத்தை அவனிடமிருந்தே தொடங்கிப் பார்க்கவேண்டும். கொட்டில் ஏன் ஊரின் விளிம்பில், பனங்கூடலுக்கு அப்பால், ஒழுங்கையின் முடிவில் இருந்தது? அது சீவல்காரரின் குடியிருப்பை அண்டியிருந்தமையால். அவர் ஏன் அங்கே குடியிருந்தார்? ஊர் அவரை அங்கே வைத்தமையால். ஓலைக்கூரையும் மண்தரையும் எவரும் விரும்பித் தேர்ந்த கட்டிடக்கலை அன்று. காணியும் கல்வீடும் நெடுங்காலம் மறுக்கப்பட்ட மக்களின் வாழ்விடத்தின் நீட்சியே கொட்டில். அந்தி சாய்ந்தபின் பின்வழியால் வந்து குடித்துச் சென்ற ‘பெரிய’ மனிதர் பலர் பகலில் அதே சீவல்காரரைத் தம் வீட்டுத் திண்ணையில் ஏறவிடாதவர்.

பிளாவை எடுத்துக்கொள்வோம். குருத்தோலையை மடித்துக் கட்டும் இந்த ஏனம் கூழுக்கும் கருப்பநீருக்கும் எல்லோராலும் பயன்படுத்தப்பட்டது, அழகியது, பயன்படுத்தியபின் எறிந்துவிடலாம். ஆனால் கள்ளருந்திய உயர்சாதியினருக்கு அதில் இன்னொரு வசதியும் இருந்தது. சீவல்காரர் வீட்டுப் பாத்திரத்தில் வாய்வைக்காமல், அவர் இறக்கிய கள்ளை மட்டும் குடித்துவிட முடிந்தது. இதன் மறுபக்கம் தேநீர்க்கடையில் இருந்தது. அங்கே அதே சீவல்காரருக்குத் தேநீர் போத்தலிலோ தனித்து வைத்த பேணியிலோ கொடுக்கப்பட்டது. உள்ளே அமர அனுமதி இல்லை. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும் இந்நிலை நீடித்தது. 1966 ஒக்டோபரில் தொடங்கிய எழுச்சியும் அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களுமே இதனை அசைத்தன. அப்போராட்டங்கள் பலரின் குருதியைக் கேட்டன என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

தீவகத்துக்குள்ளேயே இதைவிடக் கூர்மையான சான்று உண்டு. புங்குடுதீவைச் சேர்ந்த சிந்தனையாளர் மு. தளையசிங்கம் 1971இல், அவ்வூர்க் கண்ணகை அம்மன் கோயிலை அண்டிய நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்களும் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டார். 1973இல் அவர் மறைந்தார். தீவுகளில் நன்னீர் எத்துணை அரியது என்பதைக் கோடையில் அங்கு இருந்தவர் அறிவர். கிணற்று நீர் பல இடங்களில் உவர். பனைமரத்தின் உச்சியிலிருந்து ஒருவர் இறக்கித் தந்த நீரை ஊர் குடித்தது. நிலத்தின் அடியிலிருந்து அவர் அள்ள வந்த நீரை ஊர் தடுத்தது. கொட்டிலிலே சாதி மறைந்தது, அங்கே எல்லோரும் சமம் என்று இன்று நினைவுரைப்போர் இவ்விரண்டையும் ஒருசேர நினைப்பதில்லை. பன்னாடை மண்டியைத் தன்னிடம் நிறுத்திக்கொண்டு தெளிவை மட்டும் கீழே விடும். நினைவும் பல வேளைகளில் அவ்வாறே வடிக்கிறது.

சமத்துவம் அங்கே முற்றாக இல்லை என்றும் கூறிவிட முடியாது. கடற்றொழிலாளியும் மேசனும் வண்டிக்காரரும் சீவல்காரரும் ஒரே மணலில் அமர்ந்து, கூலியையும் கடலையும் அரசாங்கத்தையும் பற்றி வாதிட்ட இடம் அதுவே. வேறெங்கும் அவர்களுக்கு மன்றம் இருக்கவில்லை. கே. டானியலின் புனைகதைகளைப் படித்தோர் இம்மக்களின் பேச்சில் எத்துணைக் கூர்மையும் நகையும் இருந்தன என்பதை அறிவர். எனினும் அது தாழ்த்தப்பட்டோரும் வறியோரும் தமக்குள் அமைத்துக்கொண்ட சமத்துவம். மேலிருந்து வந்தவர் அதில் ஒரு பிளாவின் நேரம் பங்குகொண்டார், அவ்வளவே. அக்கூட்டத்தில் பெண்கள் இல்லை என்பதையும் மறத்தலாகாது. கணவன் கூலியில் எவ்வளவு மீதமாய் வரும் என்று வீட்டில் காத்திருந்தவளைக் கேட்டால், கொட்டிலின் அழகு பற்றிய வருணனை வேறாக இருந்திருக்கும்.

‘தவறணை’ என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது போர்த்துக்கேயர் மொழிவழி வந்தது. அதில் ‘தவறு’ என்ற தமிழ்ச்சொல்லைக் கண்டு மகிழ்வோருக்கு மொழியியல் துணைசெய்யாது. சொல்லோடு வருமான ஏற்பாடும் வந்தது. பிரித்தானியர் காலத்திற் கள்ளும் சாராயமும் குத்தகைக்கு விடப்பட்டு அரசிறையின் முக்கிய வழிகளுள் ஒன்றாயின. மரத்தில் ஏறியவருக்குக் கூலி, குத்தகைக்காரருக்கு இலாபம், அரசுக்கு வரி, ஏறியவரின் பெயருக்கு இழிவு என்பதே பங்கீடு. 1970களில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியமை இப்பங்கீட்டில் ஏற்பட்ட குறிப்பிடத்தக்க மாற்றம். சீவல்காரர் சங்கத்தின் உறுப்பினராயினர். காலையும் மாலையும் இறக்கிய கள்ளைச் சங்கத்தில் அளந்து கொடுத்து, கணக்கெழுதிப் பணம் பெற்றனர். தவறணைகளுக்குச் சீமெந்துத் தரையும் தகரமோ ஓடோ வேய்ந்த கூரையும் வந்தன. அளவிலும் விலையிலும் முறையீடு இருந்தால் எழுந்து கேட்பதற்குக் கூட்டம் ஒன்று இருந்தது.

இம்மாற்றத்தையே ஊர் திரும்பியவர் இழப்பென்று கூறுகிறார்! சீமெந்துச் சுவரும் பிளாஸ்ரிக் குவளையும் அவருக்குக் கண்ணுறுத்துகின்றன. குவளையைப் பொறுத்தவரை அவர் கூற்றில் நியாயம் உண்டு. ஓலைப்பிளா மக்கிப்போகும், பிளாஸ்ரிக் தீவின் கரையெங்கும் கிடக்கும். ஆனால் கூரையை ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், ஓலை ஒழுகும் என்பதைத் தவிர வேறு மறுமொழி இல்லை. அதற்குமேல் வேண்டியதும் இல்லை. மாரியில் அதன்கீழ் நாள் முழுவதும் நின்று விற்பவருக்கும், வெயிற்காலத்தில் இரண்டு வாரம் வந்து போகிறவருக்கும் ஓலைக்கூரை ஒன்றல்ல.

மலிவு என்பதும் இவ்வாறே ஆராயத்தக்கது. கள் மலிவாக இருக்கவேண்டும் என்று தேடிவருவோரும் விரும்புகின்றனர். உள்ளூர்த் தொழிலாளியும் விரும்புகிறார். பின்னவரின் விருப்பத்தில் தேவை உண்டு. ஆனால் அந்த மலிவை யார் சுமக்கிறார்? அறுபது அடிக்கும் மேல் உயர்ந்த பனையில், காலில் தளைநாரும் இடையில் முட்டியும் பாளைக்கத்தியுமாக, நாளுக்கு இருமுறை, பல மரங்களில் ஏறி இறங்குபவர். சீவுதல் விட்டுப்போனால் பாளை வறண்டுவிடும். ஆதலால் பருவகாலத்தில் அவருக்குத் திருவிழாவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. விழுந்தால் பெரும்பாலும் மீண்டெழுவதில்லை. அவருடைய மக்கள் இத்தொழிலுக்கு வர மறுக்கின்றனர் என்று கவலையோடு பேசுவோர் உளர். அம்மறுப்பே ஓர் அறத்தீர்ப்பு என்று அவர்கள் கருதுவதில்லை. போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளுக்கு ஈடாக விதை நடலாம். நட்டது பாளை தள்ளப் பதினைந்து இருபது ஆண்டுகள் ஆகலாம். அப்போது ஏறுவதற்கு யார் இருப்பார்?

மூடிவிடுவதே வழி என்பாரும் உளர். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடைசெய்யப்பட்டுள்ளது, குடி குறையவில்லை. 2003 முதல் அரசு நிறுவனமே சில்லறை மதுக்கடைகளை நடத்துகிறது. பனையேறியின் பானை குற்றமாயிற்று. ஆலைப் போத்தல் வருமானமாயிற்று. நம் நாட்டிலும் தவறணை மூடப்படும் ஊரில் கசிப்பு அதன் இடத்தைப் பிடிப்பது புதிதன்று. கேரளத்தில் வேறொன்று நிகழ்ந்துள்ளது. அங்குள்ள கள்ளுக்கடைகள் சில, மீன்கறிக்கும் மரவள்ளிக்கிழங்குக்கும் பெயர்பெற்று, குடும்பத்தோடு உண்ணச் செல்லும் உணவகங்களாக மாறிவிட்டன. பெண்களும் அங்கே அமர்ந்து உண்ணுகின்றனர். இது நல்லதே. ஆனால் விலை உயர உயர, முன்பு அங்கே அமர்ந்திருந்த கூலியாள் எங்கே சென்றார் என்பதைப் பயண நூல்கள் எழுதுவதில்லை. பழமையைத் தேடிச் சென்று கண்டுபிடிப்பவர் தம் நண்பர் பத்துப்பேருக்குச் சொல்ல, அப்பதின்மரும் சென்று அமர்ந்தபின் அந்த இடம் முன்பிருந்த இடமாக இருப்பதில்லை.

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, கொட்டிலில் அழகைக் காண்பது குற்றமெனக் கூறுதல் பொருந்தாது. பிளா, பன்னாடை இரண்டும் ஒரு மரத்திலிருந்தே பிறந்த நுண்ணிய பயன்பொருள்கள்; அந்தியில் பனங்கூடல் வழியே வரும் காற்றும் எவர்க்கும் இனியது. குற்றம், அது அவ்வாறே இருக்கவேண்டும் என்று பிறர்பொருட்டு விரும்புவதிற் பிறக்கிறது. தன் வீட்டு முற்றத்துக்குச் சீமெந்து பூசியவர், சீவல்காரர் முற்றத்து மணலைக் காக்க விரும்புகிறார். பழமையும் இழிவும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிரிக்க முயலும்போது சில அழகுகளும் கூடவே அறுந்துபோகும். அந்த இழப்பை ஏற்கத்தான் வேண்டும். எதனை வைத்திருப்பது, எதனை விடுவது என்று தீர்மானிக்கும் முதலுரிமை மரத்தில் ஏறுபவருடையது. அடுத்தது அங்கே நாள்தோறும் அமர்பவருடையது. தேடி வருபவர் விலையைக் கொடுத்துவிட்டு, கேட்டால் மட்டும் தம் கருத்தைக் கூறலாம்.

தீவகத்துச் சீவல் தொழிலாளரின் பிள்ளைகள் இன்று பாடசாலைகளில் உயர்தரம் பயின்று பல்கலைக்கழகங்களுக்கும் வருகின்றனர். கொட்டிலின் இனிமை பற்றி விடுதியிலும் விரிவுரை மண்டபத்திலும் பலர் நகையோடு பேசும்போது, தம் தந்தையின் தொழில் இன்னதென்று அவர்களுள் ஒருவர் தயக்கமின்றிக் கூறக்கூடிய நிலை வந்துவிட்டதா என்பதை இவ்விதழைப் படிப்போர் தத்தம் வகுப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம்.