பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள்

கோடை விடுமுறைக்குக் கும்பகோணம் பக்கம் போகலாம் என்று வீட்டில் பேச்சு கிளம்பிவிட்டதா? குடும்பத்தோடு முதல் தடவை என்று ஒரு தாளில் கோயில் பெயர்களை எழுத ஆரம்பித்துவிட்டீர்களா? வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது.

அதில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து வந்து இரவு 10 மணிக்குச் சென்னையில் கிளம்புவது. விடியற்காலை கும்பகோணத்தில் ஒரு லாட்ஜில் குளியல். 6 மணிக்குத் திங்களூர். அங்கிருந்து ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், இரவு நடை சாத்துவதற்குள் திருநள்ளாறு. ஞாயிறு காலை தஞ்சை பெரிய கோயில், வழியில் சுவாமிமலை, தாராசுரம், பிறகு கங்கைகொண்ட சோழபுரம், சிதம்பரம், இரவோடு இரவாக வீடு. ஒரே வண்டி. ஒரே டிரைவர். உள்ளே 70 தாண்டிய அப்பா அம்மா, 5 வயதுக் குழந்தை.

இப்படிப் போகாதீர்கள். முடியுமா முடியாதா என்பதல்ல என் பேச்சு. முடித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். நவக்கிரகக் கோயில்களை ஒரே நாளில் சுற்றிக் காட்டும் பேருந்துகூட உண்டு. உள்ளூர்ச் சாலை தெரிந்த, ராத்திரி வீட்டில் தூங்கி எழுந்த ஓட்டுநர் ஓட்டுவது அது. நீங்கள் போட்டிருப்பதோ ராத்திரி முழுக்கக் கண்விழித்தவரை மறுநாள் முழுக்க ஓட்டச் சொல்லும் திட்டம். அந்த வேறுபாட்டில் உயிர் இருக்கிறது.

முதலில் தூரத்தைப் பாருங்கள். திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம். கீழப்பெரும்பள்ளம் கிழக்கே பூம்புகாருக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவே சாலை வழியே 80 கிலோமீட்டருக்கு மேல். திருநள்ளாறு தெற்கே தனியாக, காரைக்கால் எல்லைக்குள். போனில் வரைபடம் காட்டும் நேரத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். டெல்டாவின் உட்சாலைகள் ஆற்றங்கரையையும் வாய்க்காலையும் ஒட்டி வளைந்து போகிறவை. அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லைக் காயவைத்திருப்பார்கள். எதிரே அறுவடை இயந்திரம் வந்தால் ஒதுங்கி நின்றுதான் வழிவிட வேண்டும். ஊருக்கு ஊர் வேகத்தடை. மணிக்கு 35 கிலோமீட்டர் போனாலே நல்ல ஓட்டம்.

அடுத்து நடை. பெரும்பாலான கோயில்களில் பகல் 12, 12.30 மணிக்கு நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். உங்கள் பட்டியலின் நடு நான்கு மணி நேரம் அப்போதே போய்விட்டது. அந்த நேரத்தை ஈடுகட்டத்தான் வண்டியை விரட்டச் சொல்கிறீர்கள். மதியச் சாப்பாட்டை 3 மணிக்குத் தள்ளுகிறீர்கள். குருக்கள் தீபாராதனை காட்டும்போது கையில் கடிகாரம் பார்க்கிறீர்கள்.

இப்போது டிரைவரைப் பற்றி. உங்களிடம் நான் மன்றாடுவது இதற்காகத்தான். அவர் வெள்ளிக்கிழமை பகலில் வேறொரு சவாரி போயிருப்பார். விடிய விடிய உங்களை ஓட்டிக்கொண்டு வருவார். நீங்கள் லாட்ஜில் குளிக்கும் அரை மணி நேரம் ஸ்டியரிங்கில் தலை சாய்ப்பார். நீங்கள் சந்நிதியில் நிற்கும்போது, நிழல் கிடைத்தால், சீட்டைச் சாய்த்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுப்பார். பத்து நிமிஷத்தில் நீங்கள் வந்து கதவைத் தட்டுவீர்கள். அவருடைய ஒரு நாள் தூக்கம் என்பது இப்படிப்பட்ட துண்டுகள்தான். மறுநாள் ராத்திரி இதே மனிதர் உங்கள் குழந்தை தூங்கும் வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டுகிறார். விடியற்காலை 2 மணிக்கு மேல் எவ்வளவு பழகிய உடம்பானாலும் தூக்கத்துக்குத்தான் இழுக்கும். மூன்று விநாடி கண் அசந்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 60 மீட்டருக்கு மேல் ஓட்டுநர் இல்லாமல் ஓடியிருக்கும். டீ வாங்கிக் கொடுத்தேன், பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன் என்பதெல்லாம் தூக்கத்துக்கு ஈடாகாது.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்று வகுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, நடுவே அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றது. உங்கள் பட்டியல் இதைக் காலில் போட்டு மிதிக்கிறது. வண்டிக்காரர் ஒத்துக்கொண்டார் என்று சொல்லாதீர்கள். மாதத் தவணை கட்ட வேண்டியவர் எதற்கும் ஒத்துக்கொள்வார். அவர் மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் நிற்கிறார் என்பது தெரிந்தே கேட்பது தவறு. வண்டி பேசும்போதே இரவு ஓட்டம் கிடையாது என்று சொல்லுங்கள். பேட்டாவோடு நிறுத்தாமல், அவர் படுக்க ஒரு அறைக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள். பல லாட்ஜுகளில் டிரைவர்களுக்கென்று இருப்பது ஒரு பொதுக்கூடமும் நாலு பாயும்தான், கொசுவும் இருக்கும். அது போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். "அப்பாவுக்கு ஒன்பதையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை" என்பீர்கள். ஆசை இருக்கும். முழங்கால் வலிக்கிறது என்பதை அவர் சொல்லமாட்டார், பிள்ளை சிரமப்பட்டு அழைத்து வந்திருக்கிறான் என்று. சர்க்கரை உள்ளவருக்கு மாத்திரையோ ஊசியோ போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்த்து, கை நடுங்கி, பிராகாரத்திலேயே உட்கார்ந்துவிடுவார். இன்னொன்றையும் கேளுங்கள். வெகுநாள் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கும். வைகாசி வெயிலில் பகல் 12 மணிக்கு வெறுங்காலோடு கருங்கல் தளத்தில் நடக்கும்போது, நீங்கள் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடுவீர்கள். அவர் நிதானமாக நடந்து வருவார். அவருக்குச் சுடவில்லை. ராத்திரி அறையில் கால் கழுவும்போதுதான் உள்ளங்காலில் கொப்புளம் தெரியும். அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகலாம், ஆறாமலும் போகலாம். பெரிய கோயில் முற்றத்துக்கு அவரைக் காலை 7 மணிக்கு அழைத்துப் போங்கள், இல்லாவிட்டால் மாலை 5 மணிக்கு. நடுப்பகலில் கூடவே கூடாது. திருநள்ளாற்றில் நளதீர்த்தக் குளத்துப் படிகள் எண்ணெய் படிந்து வழுக்கும். அவசரத்தில் இறங்கவிடாதீர்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அம்மாவையும் மனைவியையும் கவனித்திருக்கிறீர்களா? பயணம் கிளம்பியதிலிருந்து அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. வழியில் சுத்தமான கழிவறை கிடைக்காது என்ற பயம்தான் காரணம். அம்மா பிரஷருக்குச் சாப்பிடுகிற நீர் மாத்திரையைக்கூட அன்றைக்கு விட்டுவிடுவார்; யாரிடமும் சொல்லமாட்டார். பகல் முழுக்க வெயிலில் தொண்டை காய்ந்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு, கோயில் கோயிலாக ஏறி இறங்குகிறார்கள் உங்கள் வீட்டுப் பெண்கள். பட்டியலில் கோயில் பெயரை எழுதுவதற்கு முன்னால் கழிவறை இருக்கும் இடத்தை எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம். அதில் பேரம் கிடையாது.

ஒன்பதையும் ஒரே நாளில் சேவித்தால்தான் பலன் என்று நான் எந்தத் தலபுராணத்திலும் படித்ததில்லை. மரபு கேட்பதெல்லாம் நிதானத்தைத்தான். சூரியனார்கோயிலுக்குப் போகுமுன் திருமங்கலக்குடியில் பிராணநாதேஸ்வரரை வணங்கிவிட்டுப் போவது வழக்கம். ஓட்டமாக ஓடும் வண்டிகள் முதலில் கைவிடுவது அதைத்தான். ஜோதிடர் சனிக்குப் போகச் சொன்னாரா, திருநள்ளாறு ஒன்றுக்கே ஒரு நாள் கொடுங்கள், முடிந்தால் சனிக்கிழமை நெரிசலைத் தவிர்த்து. ஒன்பதும் வேண்டுதல் என்றால் மூன்று தடவையாக வாருங்கள். காவிரிக்கரை எங்கும் போய்விடாது.

அவசரத்தில் எதை இழக்கிறீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலில் கருவறையைச் சுற்றி, கண் மட்டத்துக்கும் கீழே, சின்னஞ்சிறு சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. பெரியபுராணக் கதைகள் அவை. குனிந்து, நின்று, ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் பிடிபடும். குழந்தைகளின் உயரத்துக்கு அவை கச்சிதமாக அமைந்திருக்கின்றன. பெரியவர்கள் குனிய வேண்டியதைக் குழந்தை நின்றபடியே பார்த்துவிடும். இன்னொரு சிற்பத்தில் ஒரே தலை, இரண்டு உடல்: ஒரு பக்கத்தை மறைத்தால் யானை, மறு பக்கத்தை மறைத்தால் காளை. அதைக் குழந்தை தானாகக் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷமாவது விடுங்கள். ராஜகம்பீரன் மண்டபத்துச் சக்கரத்தையும் அதை இழுக்கும் குதிரையையும் விட்டுக் குழந்தை எளிதில் நகராது. இரண்டாம் ராஜராஜன் காலத்தில் தச்சர்கள் அப்படி நின்று செதுக்கியதை, "சீக்கிரம் வா, சுவாமிமலை நடை சாத்திடுவாங்க" என்று இழுத்துக்கொண்டு போவது அநியாயம். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். அங்கே கல்லில் கோயில் ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன, யாருக்கு எந்த வீடு என்ற விவரத்தோடு. அந்தக் கல்வெட்டுகளின் முன்னால் நின்று பிள்ளைகளிடம் அதைச் சொல்ல ஒரு காலைப்பொழுது வேண்டாமா?

எனவே இப்படிச் செய்யுங்கள். ரயிலில் போங்கள். சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் ராத்திரியில் கிளம்பிக் கும்பகோணம் வழியாகத் தஞ்சை போகிறது. கோவைக்காரர்களுக்கு மயிலாடுதுறை ஜன் சதாப்தி இருக்கிறது. உள்ளூரில் வண்டி பேசிக்கொள்ளுங்கள்; வழி தெரிந்தவர், ராத்திரி தன் வீட்டுக்குப் போய்ப் படுப்பவர். கும்பகோணத்தில் ஒரே அறையில் மூன்று ராத்திரி தங்குங்கள், தினம் பெட்டி கட்டாதீர்கள். வந்திறங்கிய நாள் ஓய்வு. சாயங்காலம் மட்டும் கும்பேஸ்வரர், சாரங்கபாணி, ராமசாமி கோயில், ஒரு டிகிரி காபி. இரண்டாம் நாள் காலை திருநாகேஸ்வரம், திருமங்கலக்குடி, சூரியனார்கோயில், கஞ்சனூர்; எல்லாம் ஒரே பக்கத்தில் இருப்பவை, உச்சிவேளைக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம். சாப்பிட்டுத் தூங்குங்கள், சாயங்கால வெயிலில் தாராசுரம். மூன்றாம் நாள் விடிந்ததும் தஞ்சாவூர், வேறெதுவும் வேண்டாம். நான்காம் நாள் வடக்கே கங்கைகொண்ட சோழபுரம் மட்டும், அன்று ராத்திரி ரயில். கிழக்கே வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் மூன்றும் சீர்காழிப் பக்கத்துக் கணக்கு. அடுத்த முறை மயிலாடுதுறையில் தங்கி அவற்றைப் பாருங்கள்.

லீவு இரண்டு நாள்தான் என்றால் இரண்டு நாளுக்கு உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்கள் "இவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்கலையா" என்று கேட்பார்கள், கேட்கட்டும். போகும் வழியில் குழந்தைக்கு வாந்தி வந்தால் ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்க உங்கள் நாளில் இடம் இருக்க வேண்டும். அம்மா கோயில் தூணில் சாய்ந்து இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன் என்றால், சரி என்று சொல்ல முடிய வேண்டும்.

தாளை எடுங்கள். வண்டியில் வரப்போகிறவர்களில் யாருக்கு உடம்பு மிகவும் முடியாதோ, அவர் கையில் அதையும் ஒரு பேனாவையும் கொடுங்கள். அவர் எதை அடிக்கிறாரோ அதை மறுபேச்சில்லாமல் விட்டுவிடுங்கள். பிறகு, ரயில் வேண்டாம் வண்டிதான் என்றால், டிரைவருக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை பகலில் அவருக்கு வேறு சவாரி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் சனிக்கிழமை காலையில் கிளம்பலாம் என்று சொல்லிவிடுங்கள்.