வண்ணமும் வாய்மையும்

பழைய பொருளொன்றைப் புதுப்பிக்கும்போது நாம் காப்பது எதனை? அப்பொருளையா, அது கடந்து வந்த காலத்தையா? கோயில் திருப்பணி முதல் வீட்டுக் கதவுக்கு எண்ணெய் பூசுவதுவரை எல்லாவற்றிலும் இவ்வினா மறைந்து கிடக்கிறது. ஆயினும் அன்றாட அலுவல்களுக்கிடையே அது நம்மை நேருக்குநேர் சந்திப்பது அரிது. எங்களை அது சந்தித்தது ஒரு பழைய லாரியின் உருவில். அதற்கு என்ன வண்ணம் பூசுவது என்ற எளிய கேள்வியாகத்தான் அது தொடங்கியது.

ஜாம்ஷெட்பூரில் வாழும் தமிழர்க்கு லாரி அயலான பொருளன்று. ரயில் எஞ்சின்கள் செய்வதற்கென 1945-இல் நிறுவப்பெற்ற டெல்கோ, 1954-இல் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு 15 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு இவ்வூரில் லாரிகளை உருவாக்கலாயிற்று. 1969-இல் அவ்வொப்பந்தம் முடியும்வரை அவற்றின் முகப்பில் மும்முனை விண்மீன் பொலிந்தது. அத்தகைய லாரி ஒன்றை எங்கள் தந்தையார் 1966-இல் வாங்கினார். உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே. அவர் மறைந்தபின் அது எங்கள் வீட்டுப் பின்புறத்துப் புளியமரத்தடியில் பல மழைக்காலங்களைத் தனியே கழித்தது.

உடன்பிறந்தோர் மூவரும் கூடி அதனைச் செப்பனிட முற்பட்டபோது எஞ்சினும் பிரேக்கும் எங்களுக்குள் பிணக்கு எதனையும் விளைவிக்கவில்லை. ஓடவேண்டியது ஓடவேண்டும், நிற்கவேண்டியது நிற்கவேண்டும். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. வண்ணத்தில்தான் பிரிந்தோம். லாரி கண்ணாடிபோல் மின்ன வேண்டும் என்றார் மூத்தவர். அப்பா ஆயுதபூசையன்று அதனை எப்படித் துடைத்து வைப்பார் என்பதை நினைவூட்டினார். துருவும் தேய்வும் இருந்தபடியே இருக்கட்டும் என்றாள் இளையவள். புதுப் பூச்சு என்பது பொய்ப் பூச்சு என்பது அவள் கட்சி. இருவர் பேச்சிலும் அன்பு இருந்தது. இருவர் பேச்சிலும் நியாயமும் இருந்தது.

மூலம் எது?

உப்புத்தாளை நீரில் நனைத்து, கதவின் உட்புறத்தில் உள்ளங்கை அளவு இடத்தை மெல்லத் தேய்த்துப் பார்த்தோம். மேலே மங்கிய பச்சை, அதன்கீழ்ச் செங்காவி, அதற்கும் கீழே நீலம், அடியில் ரெட் ஆக்சைடு. நீலம் வாங்கியபோது இருந்த நிறம். செங்காவி தந்தையார் விரும்பிப் பூசியது. அவர் உழைப்பின் பெரும்பகுதி அந்நிறத்தில்தான் கழிந்தது. பச்சை, அவர் முதுமையில் லாரியைக் குத்தகைக்கு எடுத்தவர் பூசியது. இவற்றுள் எது உண்மை நிறம்? முந்தியது என்பதனாலேயே நீலம் மெய்யாகிவிடுமா? பிந்தியது என்பதனாலேயே பச்சை பொய்யாகிவிடுமா?

தஞ்சைப் பெரிய கோயிலில் இவ்வினா மிகப் பெரிய அளவில் எழுந்ததை நாம் அறிவோம். கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருந்தன. மேலதை அழித்தால்தான் கீழதைக் காணலாம் என்ற நிலையில், தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சேதமின்றிப் பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டிக் காத்தனர். பின்வந்தவன் கையும் மனிதன் கையே என்ற அறம் அச்செயலில் உளது. நினைவுச் சின்னங்களைக் காப்பதற்கென 1964-இல் வெனிஸ் நகரில் வகுக்கப்பெற்ற சாசனமும், அதன் வழியில் பழைய ஊர்திகளுக்கென 2012-இல் ஏற்கப்பெற்ற தூரின் சாசனமும் இத்தகைய எச்சரிக்கையையே போதிக்கின்றன. ஊகம் தொடங்கும் இடத்தில் கை நின்றுவிட வேண்டும் என்பது வெனிஸ் சாசனத்தின் சாரம்.

லாரியின் நிறங்களைத் தஞ்சை ஓவியம்போல் உரித்தெடுக்க எம்மால் இயலாது. எனவே செங்காவியைத் தேர்ந்தோம். தேய்த்துப் பார்த்த அச்சிறு சதுரத்தை மட்டும் மூடாது விட்டோம். கேட்பவர்க்கு மூன்று நிறங்களும் அங்கே சான்று சொல்லும்.

பளபளப்பின் இயல்பு

பளபளப்பைப் போலித்தனத்தின் அடையாளமாகக் கருதுவது நம் வழக்கம். வண்ணம் பூசுவோரைக் கேட்டால் இதற்கு நேர்மாறாகச் சொல்வர். மின்னும் பரப்பு ஒளியைச் சிதறாமல் திருப்பி அனுப்புவதால் சிறு நெளிவையும் காட்டிக் கொடுத்துவிடும். மங்கிய பரப்போ ஒளியைச் சிதறடித்துக் குறைகளை மறைக்கும். ஆகவே பளபளப்பு பொய் சொல்வதில்லை. அதனைத் தாங்குவதற்காக அடியில் கனமாக அப்பப்படும் பட்டிதான் பொய் சொல்கிறது. அளவு மீறிய பட்டி, லாரியின் அதிர்வில் ஒருநாள் வெடித்தே தீரும். மனிதர்க்கும் இது பொருந்தும் போலும்.

மின்னும் பூச்சுகளில் மிக உறுதியானது, ஹார்டனர் கலந்து தெளிக்கும் பாலியூரித்தேன் வகை. ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உண்டு. தெளிக்கும்போது எழும் அதன் நுண்துளிகள் நுரையீரலில் புகுந்தால் ஆஸ்துமாவை உண்டாக்கும். கைக்குட்டையோ சாதாரண முகமூடியோ அதனைத் தடுக்காது. தூய காற்றைக் குழாய்வழி செலுத்தும் கவசம் வேண்டும். எங்கள் கொல்லைப்புறத்தில் அதற்கு வழியில்லை. சுவருக்கு அப்பால் அண்டை வீட்டுக் குழந்தைகள் விளையாடுகின்றனர். பூச வந்த இளைஞர் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, பழகிவிட்டது என்று சிரித்தார். அச்சிரிப்பு எங்கள் வழக்கைத் தீர்த்து வைத்தது. ஒருவர் மூச்சை விலையாகக் கொடுத்துப் பெறும் ஒளி எங்கள் தந்தையாருக்குச் செய்யும் சிறப்பாகாது. சாதாரண எனாமலே போதும் என்று மூத்தவரே முதலில் சொன்னார். பழைய பூச்சுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் உலர்நிலையில் தேய்க்காமல், நீர்விட்டே தேய்த்துக் கழிவைத் திரட்டி அகற்றினோம்.

புண்ணும் வடுவும்

இனி இளையவளின் வாதம். துருவை அழகென்று போற்றுவது இரும்பின் இயல்பை அறியாமையால் வருவது. துரு இரும்பைவிட மிகுதியான இடத்தைக் கொள்ளும். ஆதலின் பூச்சுக்கடியில் பெருகி அதனைத் தூக்கிவிடும். தானும் நொறுங்கி, நீருக்கும் காற்றுக்கும் மேலும் வழிவிடும். அது முடிந்துபோன காலத்தின் தடமன்று, இன்னும் நடந்துகொண்டிருக்கும் அழிவு. மார்பில் பெற்ற காயத்தை விழுப்புண் எனப் போற்றிய மரபு நம்முடையதே. ஆயினும் ஆறாத புண்ணுக்கு மருந்திடாமல் விடுவதை எவரும் வீரம் என்றதில்லை. ஆறிய வடுவைப் போற்றுக, ஆறாத புண்ணை ஆற்றுக என்று எங்களுக்கு நாங்களே விதி வகுத்துக்கொண்டோம்.

ஓட்டுநர் பக்கக் கதவில் "முருகன் துணை" என்று எழுதியிருந்தது. எழுதியவர் தமிழ் அறியாத இவ்வூர்க் கலைஞர். தந்தையார் தாளில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வரைந்தவர். ‘ருகரம்’ சற்றே தடுமாறியிருக்கும். இறுதி எழுத்தோ 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட, துதிக்கை வளைந்த ‘ணை’. குத்தகைக்கு எடுத்தவர் அதனைப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் பச்சை பூசியபோது அவ்வெழுத்துகளை மட்டும் தொடாது விட்டிருந்தார். திருத்தி எழுதலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். நாங்கள் திருத்தவில்லை. தூசு துடைத்து மெழுகு பூசி அப்படியே விட்டோம். ஆண்டுதோறும் மெழுகிட வேண்டும், இடுவோம்.

அதே கதவின் சன்னல் விளிம்பில்தான் எங்கள் விதி தோற்றது. ஆண்டுக்கணக்காகத் தந்தையார் முழங்கை ஊன்றியதால் வண்ணம் தேய்ந்து இரும்பு மழமழவென்றிருந்த இடம் அது. மூவருக்கும் மிக உயிரான வடு. புளியமரத்தடியில் நாங்கள் விட்டுவைத்த ஆண்டுகளில், காப்பற்ற அவ்விடத்தைத்தான் துரு முதலில் தின்றிருந்தது. விரல் வைத்ததும் உதிர்ந்தது. வெட்டியெடுத்துப் புதுத்தகடு பற்றவைப்பதன்றி வேறு வழியில்லை. புதுப் பூச்சை அங்கு மட்டும் தேய்த்துப் பழைய தோற்றம் வரச் செய்யலாம் என்றார் பூசுபவர். ஒரு கணம் மூவரும் ஆசைப்பட்டோம் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. பிறகு வேண்டாம் என்றோம். எங்கள் கையால் செய்யும் தேய்வு அவர் கையின் தேய்வாகாது.

வண்ணம் இரும்பைக் காக்கும். காலத்தை மீட்டுத் தராது. எங்கள் கவனக்குறைவால் இழந்ததை இழந்தோம் என்றே அந்தக் கதவு சொல்லட்டும். அவ்விளிம்பு இன்று மற்ற இடங்களைவிடச் சற்றே புதிதாக மின்னுகிறது. அந்த மினுமினுப்பைக் காணும்போதெல்லாம் எங்களுக்கு உறுத்துகிறது. உறுத்த வேண்டியதுதான். இனி அதனை மரத்தடியில் நிறுத்தமாட்டோம், முறைவைத்து ஓட்டுவோம். ஓட்டுகிறவர் தம்மையறியாமல் முழங்கையை அங்கேதான் ஊன்றுகிறார்.